மூன்றாவது சுற்றில் தளரும் எக்ஸீஜ் எஸ்: உள்ளே போகும் காற்றின் வழியும் வெப்பமும் — ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஹெத்தல் தொழிற்சாலையிலிருந்து 2006இல் வந்த கார் லோட்டஸ் எக்ஸீஜ் எஸ். எடை சுமார் 935 கிலோ. இருக்கைகளுக்குப் பின்னால் டொயோட்டாவின் 1,796 சி.சி. 2ஸட்ஸட்-ஜிஇ எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் ஈட்டன் எம்62 சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. 7,800 ஆர்பிஎம்மில் 218 குதிரைத்திறன். அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் தலைக்கு மேல் படுத்த நிலையில் இருக்கும்; கூரையிலுள்ள ஸ்கூப் (காற்றைப் பிடிக்கும் திறப்பு) வழியாக அதற்குக் காற்று வரும். அது பின்பக்கத்தை அடைத்துக்கொள்வதால் உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள் தெரியாது. இந்தக் காரில் காற்றுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்கள் இந்தக் காரைப் பற்றிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் சுற்றில் பாய்கிறது, மூன்றாவது சுற்றில் நேர்பாதையின் முடிவில் வேகம் குறைகிறது. பிட்டில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பினால் முதல் நேர்பாதையே மந்தமாக இருக்கிறது. எஞ்சின் தண்ணீரின் வெப்பம் சரியாக இருக்கிறது, எரர் கோடு எதுவும் இல்லை. உடனே பெரிய இன்டர்கூலரும், சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றவைக்கும் சின்ன புல்லியும் (பெல்ட் சக்கரம்) வாங்கக் கிளம்புகிறார்கள். பல கார்களில் இரண்டுமே தேவைப்படாது. ஏன் என்பதற்கு, சூப்பர்சார்ஜர் காற்றை எப்படிக் கையாளுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எம்62 என்பது ரூட்ஸ் வகை. ஒரு சுழற்சிக்கு 62 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்றை ஒரு பக்கத்திலிருந்து வாரி மறுபக்கம் தள்ளும். அது வாருவது கன அளவு, எடை அல்ல. அந்த ஒரு லிட்டரில் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பதை சூப்பர்சார்ஜரின் வாய்ப்பகுதியில் உள்ள வெப்பமும் அழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. வாயைத் தாண்டிய பிறகு இன்டர்கூலர் எவ்வளவு குளிர்வித்தாலும் காற்றின் எடை பெரிதாக அதிகரிக்காது. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்த் தொகுதியில்) அழுத்தம் இறங்கும். அதனால் ரோட்டர் இடைவெளிகளில் பின்னோக்கிக் கசியும் காற்று கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அப்படியானால் இன்டர்கூலர் எதற்கு? நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாக வெடிப்பதைத் தடுக்க. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 11.5:1. சூப்பர்சார்ஜர் வைத்த எஞ்சினுக்கு இது மிக உயரம். மேனிஃபோல்ட் காற்று சூடானால் எஞ்சின் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிடும். மூன்றாவது சுற்றில் ஓட்டுநர் உணரும் தளர்ச்சி பெரும்பாலும் இந்த டைமிங் இழப்புதான்.

2008இல் வந்த எலீஸ் எஸ்சி இதற்கு நல்ல உதாரணம். அதே எஞ்சின், ஆனால் இன்டர்கூலரே இல்லை. திறனோ கிட்டத்தட்ட அதே அளவு. ஒரே ஒரு முறை முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இருபது நிமிடம் தொடர்ந்து மிதித்தால்தான் இன்டர்கூலரின் மதிப்பு தெரியும்.

ஆக, கவனிக்க வேண்டியவை இரண்டு. வாய்க்கு முன்னால்: குளிர்ந்த காற்று, தடையில்லாத வழி. அது எடையைத் தரும். வாய்க்குப் பின்னால்: இன்டர்கூலரின் வேலைத்திறன். அது டைமிங்கைக் காக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் பணம் வீணாகும்.

கணக்கு என்ன சொல்கிறது

வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ், அழுத்த விகிதம் (வெளியேறும் அழுத்தத்தை நுழையும் அழுத்தத்தால் வகுத்தது) 1.5, சூப்பர்சார்ஜரின் வெப்பத்திறன் (வீண் சூடு சேர்க்காமல் காற்றை அழுத்தும் திறன்) 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரூட்ஸ் வகைக்கு இது நியாயமான எண். 30 டிகிரியில் நுழையும் காற்று ஏறக்குறைய 98 டிகிரியில் வெளியேறும். இன்டர்கூலர் 60 சதவீத வேலைத்திறனோடு இருந்தால் மேனிஃபோல்டுக்கு 57 டிகிரியில் போய்ச் சேரும்.

இப்போது ஏர்பாக்ஸ் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) எஞ்சின் அறையின் சூட்டை இழுத்து, நுழையும் காற்று 45 டிகிரி ஆகிவிட்டது என்று வைப்போம். வெளியேறும் காற்று 116 டிகிரி. அதே இன்டர்கூலர் அதை 64க்குக் கொண்டுவந்துவிடும். மேனிஃபோல்ட் வெப்பத்தை மட்டும் பார்ப்பவர் "ஏழு டிகிரிதானே" என்று விட்டுவிடுவார். ஆனால் வாயில் காற்றின் அடர்த்தி 4.7 சதவீதம் குறைந்துவிட்டது, அந்த இழப்பை இன்டர்கூலரால் மீட்க முடியாது. இன்டர்கூலரைச் சுற்றிக் காற்று கசிந்து அதன் வேலைத்திறன் 40 சதவீதமாக இறங்கியிருந்தால் மேனிஃபோல்ட் வெப்பம் 82 டிகிரி. நல்ல நிலையில் உள்ள காருக்கும் இதற்கும் 25 டிகிரி வித்தியாசம். ஒரு பாகம்கூட உடையாமல், எரர் கோடு எதுவும் வராமல் இது நடந்துவிடுகிறது.

தடையின் கணக்கும் இதேபோலத்தான். ஃபில்டர், குழாய், வளைவு எல்லாம் சேர்ந்து 5 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்றால் எடையில் 5 சதவீதம் போகும். அதோடு முடியாது. மேனிஃபோல்ட் அழுத்தம் மாறவில்லை என்று கொண்டால் சூப்பர்சார்ஜர் வேலை செய்யும் விகிதம் 1.5இலிருந்து 1.58 ஆகிவிடும், வெளியேறும் காற்று இன்னும் 9 டிகிரி சூடாகும். அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைப்பதோடு வரும் காற்றைச் சூடாக்கவும் செய்கிறது.

முதலில் அளவெடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் நான்கு இடங்களில் கே-வகை தெர்மோகப்பிள் வையுங்கள்: காரின் மூக்கில் வெளிக்காற்று, ஃபில்டருக்குச் சற்று முன், சூப்பர்சார்ஜர் வெளியேறும் இடம், இன்டர்கூலருக்குப் பின். முனை குழாயின் சுவரைத் தொடக் கூடாது. காற்றோட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். சுவரைத் தொட்டால் அலுமினியத்தின் சூட்டைத்தான் அளப்பீர்கள். மெல்லிய கம்பியுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தடித்த உறை போட்டது ஆறு ஏழு விநாடி தாமதமாகப் பேசும், அதற்குள் கியர் மாறிவிடும்.

அழுத்தத்துக்கு மூன்று இடங்கள்: ஃபில்டருக்கும் த்ரோட்டிலுக்கும் நடுவே, சூப்பர்சார்ஜருக்குப் பின், இன்டர்கூலருக்குப் பின். முதல் அளவுக்கு விலை உயர்ந்த சென்சார்கூட வேண்டாம். தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துக் கட்டினால் போதும். இரு பக்க நீர்மட்டத்தில் 10 செ.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். முழுத் த்ரோட்டிலில் 7,500 ஆர்பிஎம்முக்கு மேல் 20 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. 40ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குள் போகாதபடி நடுவில் ஒரு காலிப் புட்டியைப் பொறியாக வையுங்கள்.

மூன்றாவது கியரில் 4,000இலிருந்து 8,000 வரை ஒரு இழுப்பு. இரண்டு நிமிடம் சீராக ஓட்டிவிட்டு இன்னொன்று. பிறகு எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் நிறுத்தி மூன்றாவது. மூன்றையும் மூடிய டிராக்கிலோ டைனோவிலோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் உருளை மேடை) மட்டுமே எடுங்கள். டைனோவில் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே கூரை ஸ்கூப்பில் இயற்கையான காற்று இல்லை. முன்னால் வைக்கும் மின்விசிறி ரேடியேட்டருக்கு உதவும், கூரைக்கு உதவாது. அதனால் டைனோ அளவை வைத்து எக்ஸீஜின் இன்டர்கூலரைத் தீர்ப்பிடுவது நியாயமில்லை.

படிக்க வேண்டிய எண்கள்: ஃபில்டர் முன் வெப்பத்திலிருந்து வெளிக்காற்று வெப்பத்தைக் கழித்தால், 60 கி.மீ. வேகத்துக்கு மேல் 5 டிகிரிக்குள் வர வேண்டும். இன்டர்கூலருக்கு, உள்ளே வரும் சூட்டுக்கும் வெளியே போகும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, உள்ளே வரும் சூட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். 0.6க்கு மேல் இருந்தால் கோர் (இன்டர்கூலரின் உள்தொகுதி) ஆரோக்கியமாக இருக்கிறது. 0.45க்குக் கீழே என்றால் காற்று கோரைத் தவிர்த்து ஓடுகிறது, அல்லது ஃபின்கள் (கோரின் மெல்லிய தகடுகள்) அடைத்திருக்கின்றன.

கசிவும் பைபாஸும்

வாங்குவதற்கு முன் தேட வேண்டியது கசிவு. த்ரோட்டில் வாயை மூடியால் அடைத்து, வெற்றிடக் குழாய் ஒன்றின் வழியாக 0.5 பாருக்கு மிகாமல் காற்றேற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சூப்பர்சார்ஜரின் சீல்களுக்கு ஆபத்து. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு கிளாம்ப்பிலும் தெளியுங்கள். ஆயில் மூடிப் பக்கம் லேசாகச் சீறும் சத்தம் வரும்; ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும், பிஸ்டன் ரிங் வழியாகவும் கொஞ்சம் இறங்கும். அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். ஹோஸ் மூட்டுகளில் நுரை பொங்கினால் கிளாம்ப்பைக் கழற்றி, குழாய் முனையில் படிந்த எண்ணெயை ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் நழுவும்.

அடுத்து பைபாஸ் வால்வு: சூப்பர்சார்ஜரைத் தாண்டிய காற்றை அதன் வாய்க்கே திருப்பிவிடும் கதவு. மெதுவாக ஓட்டும்போது வெற்றிடம் அதைத் திறந்துவைக்கும். பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் ஏற்றும் கூடுதல் அழுத்தம்) வந்தால் ஸ்பிரிங் மூட வேண்டும். அது சரியாக மூடாவிட்டால் ஏற்கெனவே சூடான காற்று திரும்ப வாய்க்குள் போய் மறுபடி அழுத்தப்படும். பூஸ்ட் குறைவு, வெப்பம் அதிகம் என்ற இரண்டும் சேர்ந்து தெரிந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். கை வெற்றிடப் பம்ப்பால் ஆக்சுவேட்டரை (வால்வை அசைக்கும் பாகத்தை) இழுத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் வெற்றிடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். வெற்றிடத்தை விட்டதும் வால்வின் நெம்புகோல் டக்கென்று நிறுத்தத்தில் போய் முட்ட வேண்டும். பாதியில் தயங்கினால் அச்சில் கரி படிந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனாலும் பலர் இதைச் செய்யாமலே இன்டர்கூலரை மாற்றிவிடுகிறார்கள்.

கூரை ஸ்கூப்: இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்

முழுத் திறனில் இந்த எஞ்சின் விநாடிக்குச் சுமார் 0.18 கிலோ காற்றைக் குடிக்கும். அதை 98இலிருந்து 57க்குக் குளிர்விக்க ஏறக்குறைய 7.4 கிலோவாட் சூட்டை அகற்ற வேண்டும். குளிர்விக்கும் காற்று 20 டிகிரி சூடேறலாம் என்று விட்டால் விநாடிக்கு 0.37 கிலோ தேவை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், வாய்க்கு நேரே வரும் காற்றில் பாதியை ஸ்கூப் பிடிக்கிறது என்று கொண்டால், வாயின் பரப்பு 230 சதுர செ.மீ. இருக்க வேண்டும், 40 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்துக்கு இணையானது. லோட்டஸ் பின்னாளில் 240 குதிரைத்திறன் பெர்ஃபாமன்ஸ் பேக்கில் கூரை ஸ்கூப்பைப் பெரிதாக்கியது ஏன் என்று இதிலிருந்து புரிகிறது.

ஆனால் அந்தக் காற்றைத் தள்ளும் விசை எவ்வளவு? 100 கி.மீ. வேகத்தில் 450 பாஸ்கல்தான். தண்ணீர்க் குழாயில் நாலரை சென்டிமீட்டர். 50 கி.மீ. வேகத்தில் அதில் கால் பங்கு. இவ்வளவு மெல்லிய தள்ளுதலுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தால், நெருக்கமான ஃபின்களை விட்டுவிட்டு ஓரத்து இடைவெளியில் காற்று நழுவிவிடும். கோரின் சுற்றளவு 130 செ.மீ. என்று வைத்தால், ஸ்கூப்பிலிருந்து காற்று வரும் டக்ட்டுக்கும் கோருக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி மட்டுமே 65 சதுர செ.மீ. ஓட்டை. ஸ்கூப் வாயில் கால் பங்குக்கு மேல்! இந்தக் காரில் செலவு மிகக் குறைவான, பலன் மிக அதிகமான வேலை இந்த இடைவெளியை அடைப்பதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

செய்முறை: பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி எடுங்கள். கோரின் விளிம்பைச் சுற்றி மாடலிங் களிமண் உருண்டைகளை 8 செ.மீ.க்கு ஒன்றாக வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு எஞ்சின் மூடியைச் சாத்துங்கள். திறந்து ஒவ்வொரு உருண்டையின் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது. மூலைக்கு மூலை மாறும். மூடிய நிலையில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கும்படி மூடிய-செல் ஈபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) ஃபோமை வெட்டி ஒட்டுங்கள்: 8 மி.மீ. இடைவெளிக்கு 12 மி.மீ. ஃபோம். அடுப்பங்கரைப் பஞ்சுபோன்ற திறந்த-செல் ஃபோம் தண்ணீரைக் குடித்துச் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். மூலைகளில் வெட்டி இணைக்கும்போது சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் சூட்டில் சுருங்கி வாய் பிளக்கும். முடிந்ததும் ஸ்கூப்புக்குள் புகை விட்டு, இலை ஊதும் கருவியால் மெதுவாக ஊதிப் பாருங்கள். புகை கோரின் அடியிலிருந்து மட்டுமே வர வேண்டும்.

கோரையும் பாருங்கள். படுத்த கோர் என்பதால் இலை, பூச்சி, டயர் ரப்பர்த் துகள் எல்லாம் மேலிருந்து விழுந்து தங்கும். கழற்றி, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும். மடங்கியவற்றை ஃபின் சீப்பால் நேராக்குங்கள். உள்பக்கம் எண்ணெய்ப் படலம் இருக்கும்: எஞ்சினின் அடிப்பகுதியான கிரேங்க்கேஸிலிருந்து எழும் ஆவி சூப்பர்சார்ஜரின் வாய் வழியாக வந்து படிந்தது. அது சூடு கடப்பதைத் தடுப்பதோடு, மேனிஃபோல்டுக்குத் துளியாய்ப் போய்ப் பெட்ரோலின் நாக்கிங் எதிர்ப்பையும் குறைக்கும். கரைப்பானால் இரண்டு முறை அலசி, முழுவதும் உலர்ந்த பிறகே பூட்டுங்கள். ஆவிக் குழாயில் தடுப்புத் தகடுள்ள கேட்ச் கேன் (எண்ணெயைப் பிடித்துவைக்கும் டப்பா) வைத்தால் திரும்ப வராது. வெறும் காலி டப்பா பயன்படாது. எண்ணெய்த் துளி ஆவியோடு நேராகக் கடந்துபோய்விடும்.

காற்று வெளியேறும் வழியும் முக்கியம். கோரைக் கடந்த காற்று எஞ்சின் அறைக்குள் இறங்கி, பின்புற வலை வழியாகவும் அடியிலும் வெளியேற வேண்டும். ஒலி குறைக்க, அழகுக்கு என்று அந்த வலைகளை யாராவது மூடியிருந்தால் ஸ்கூப் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் இன்டர்கூலர் ஹோஸுக்கும் நடுவே அலுமினியம் பூசிய தடுப்பு வைக்கும்போது, ஹோஸைத் தொடாமல் 10 மி.மீ. காற்று இடைவெளி விடுங்கள். ஒட்டிவைத்த தடுப்பு சூட்டைக் கடத்தும்.

பெரிய ஸ்கூப் பொருத்துபவர்கள் உதட்டின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். கூரையை ஒட்டி மந்தமாக நகரும் காற்றுப் படலம் கணக்குப்படி ஏறக்குறைய 3 செ.மீ. வரை இருக்கும். அகலத்தை மட்டும் கூட்டினால் அந்த மந்தக் காற்றைத்தான் அதிகம் பிடிப்பீர்கள். உயரத்தைக் கூட்டினால் வேகமான காற்று கிடைக்கும்.

வாய்க்கு முன்னால்

எஞ்சின் அறைக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் வைப்பது இந்தக் காருக்குச் செய்யும் பெரிய தீமை. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் மூடிய நடு-எஞ்சின் அறையில் அது இழுப்பது அடுப்பின் காற்று. மூடிய ஏர்பாக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூடி விளிம்பில் ரப்பர் சீல் இருக்கிறதா, பக்கவாட்டுத் திறப்பிலிருந்து வரும் குழாய் உண்மையிலேயே அதற்குள் போய்ச் சேர்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். சர்வீஸுக்குப் பிறகு அந்தக் குழாய் நழுவிக் கிடப்பது அடிக்கடி நடக்கும்.

குழாய் அளவு: முழுத் திறனில் 60 மி.மீ. குழாயில் காற்று விநாடிக்கு 55 மீட்டர் ஓடும், 70இல் 40, 76இல் 34. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 60இலிருந்து 70க்குப் போவது நல்ல லாபம், 70இலிருந்து 76க்குப் போவது சிறிது. ஒரு கூர்மையான முழங்கை வளைவை நீண்ட வளைவாக மாற்றுவது பல நேரங்களில் குழாயைப் பெரிதாக்குவதைவிடப் பலன் தரும். ஏர்ஃப்ளோ சென்சார் உட்கார்ந்திருக்கும் துண்டை மட்டும் மாற்றவே கூடாது. அதன் விட்டம் பெரிதானால் சென்சார் காற்றைக் குறைவாகக் கணக்கிடும், பெட்ரோல் குறையும், பூஸ்டில் பிஸ்டன் உருகும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அந்தச் சென்சாரின் சூட்டுக் கம்பியில் படிந்து இதே கெடுதல் நடக்கும். உலர்ந்த காகித ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது பாதுகாப்பு.

பூஸ்ட் மீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

இவ்வளவும் செய்த பிறகு மீட்டரில் பூஸ்ட் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். இன்டர்கூலர் நன்றாக வேலை செய்தால் அதே எடைக் காற்று குளிர்ந்து சுருங்கும், அழுத்தம் குறையும். அதைக் கோளாறு என்று எண்ணிச் சின்ன புல்லி போடுபவர்கள் உண்டு. அழுத்த விகிதம் 1.7க்குப் போய், வெப்பத்திறன் 50 சதவீதமாக இறங்கினால் வெளியேறும் காற்று 129 டிகிரி. அதிகமாகச் சுற்றி, அதிகமாகச் சூடாக்கி, டைமிங்கை இழந்து, முன்பு இருந்த இடத்துக்கே வருவீர்கள். புல்லி கடைசி வேலை.

தண்ணீரால் குளிர்விக்கும் சார்ஜ்கூலருக்கு மாறுவது நீண்ட நேரம் டிராக்கில் ஓடும் கார்களுக்கு மட்டும் பொருந்தும். 6 லிட்டர் தண்ணீர்-கூலன்ட் கலவை 7.4 கிலோவாட்டை 20 விநாடி வாங்கினால் 6 டிகிரிதான் ஏறும். குறுகிய பாய்ச்சலுக்கு அருமையான தாங்கல். ஆனால் ரேடியேட்டர் மூக்கில், எஞ்சின் முதுகில். நடுவே நீண்ட குழாய். காற்றுக் குமிழி எங்காவது தங்கினால் பம்ப் வெறுமனே சுற்றும், எச்சரிக்கை விளக்கும் வராது. மிக உயர்ந்த இடத்தில் நிரப்பும் தொட்டி வைத்து, மூக்கைத் தூக்கி ஒரு முறை, பின்பக்கத்தைத் தூக்கி ஒரு முறை பம்ப்பை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். திரும்பிவரும் குழாயில் வெப்பச் சென்சார் ஒன்று கட்டாயம்.

ஈசியூவை மறுபடி மேப் செய்வது (அதன் பெட்ரோல், டைமிங் அட்டவணைகளை மாற்றி எழுதுவது), மேலே சொன்ன மூன்று இழுப்புகளையும் திரும்ப எடுத்து, மூன்றாவது இழுப்பின் மேனிஃபோல்ட் வெப்பம் முதலாவதைவிட 10 டிகிரிக்கு மேல் கூடவில்லை என்று உறுதியான பிறகுதான். குளிர்ந்த முதல் இழுப்பை வைத்து டைமிங் கூட்டிய மேப், சூடான மூன்றாவது இழுப்பில் எஞ்சினைத் தின்னும்.

பிட்டில் நிற்கும்போது படுத்த கோருக்கு அடியில் எஞ்சின் வேகிறது. 5 கிலோ அலுமினியம் 30இலிருந்து 80க்குச் சூடேறினால் 225 கிலோஜூல் சேரும். முழுத் திறனில் இன்டர்கூலர் அரை நிமிடம் அகற்றும் சூடு அது. கடைசிச் சுற்றை 4,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஓட்டி வாருங்கள், நிறுத்தியதும் எஞ்சின் மூடியைத் திறந்துவையுங்கள், கூரை ஸ்கூப்பின் வாயில் ஒரு மின்விசிறியை வையுங்கள். மூடியைச் சாத்தும் முன் ஃபோம் தன் இடத்திலேயே இருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். சூட்டில் பசை இளகி, மூலையில் முதலில் விடும்.